ஒன்பது நாளில் பதினோரு வீட்டுச் சபைகள்: வரலாமா, வேண்டாமா?

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் வாலிபர் குழுவை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். பதினான்கு பேர், டிசம்பர் முதல் வாரம் தொடங்கி ஒன்பது நாள், தென்காசி வட்டாரத்தில் ஐந்து பள்ளிகள், பதினோரு வீட்டுச் சபைகள். பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், பேச வராது. பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வரலாம், என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்பது கேள்வி. பெட்டியில் எதை அடுக்குவது என்பதுபோலத் தொடங்கினாலும், கடைசி வரியில் "எங்களால் அவர்களுக்குப் பிரயோஜனம் உண்டா, அல்லது தொந்தரவுதானா" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அதைத்தான் உண்மையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் போதகர் இல்லை. இந்தப் பக்கத்தில் அரசு உதவி பெறும் ஒரு நடுநிலைப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன், கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியராக. சபைக் கமிட்டியிலும் இருந்ததால், வெளியூர்க் குழு வருகிறது என்றால் வேன் பேசுவது, சாப்பாட்டுக்குச் சொல்வது, மேடையில் நின்று மொழிபெயர்ப்பது எல்லாம் என் தலையில்தான் விழும். எத்தனை குழு என்று எண்ணி வைக்கவில்லை, இருபதுக்குக் குறையாது. சட்டம் பற்றிக் கீழே சொல்வது படித்தும் பட்டும் தெரிந்துகொண்டது. கிளம்புமுன் ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வரப்போவது சுற்றுலா விசாவில், அநேகமாக இ-விசாவில். அந்த விசாவில் கோயில், மசூதி, சர்ச் எங்கும் போகலாம், ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் கேட்கலாம். பிரசங்கம் செய்யக் கூடாது. வழிபாட்டு இடத்தில் மதப் பேச்சு பேசக் கூடாது, கைப்பிரதி கொடுக்கக் கூடாது, மத சம்பந்தமான படம் போட்டுக் காட்டக் கூடாது, மதமாற்ற வேலையில் இறங்கக் கூடாது. உள்துறை அமைச்சகத்தின் விசா விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. ஊழியத்துக்கென்று, அதாவது மதப் பணிக்கென்று, மிஷனரி விசா என ஒரு வகை தனியாக உண்டு. 2020 ஏப்ரலில் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமியப் பிரசார அமைப்பின் விவகாரத்தில் 960 வெளிநாட்டவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தார்களே, அதற்குச் சொன்ன காரணம் சுற்றுலா விசாவில் வந்து மதப் பணி செய்தார்கள் என்பதுதான். அந்த விதியில் கிறிஸ்தவர்களுக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. "எங்கள் தாத்தா ஊர் சுரண்டை, எங்களிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் அட்டை) இருக்கிறது" என்று சொல்லும் பிள்ளைகள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். 2021 மார்ச்சிலிருந்து ஓசிஐ வைத்திருப்பவர்களும் மிஷனரி வேலைக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பாஸ்டர் வீட்டில் தங்கினால்கூட, லாட்ஜ்காரர் செய்வதுபோலவே அவரும் வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை (முன்பு படிவம் சி என்பார்கள்) 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். இது தெரியாத பாஸ்டர்கள் நிறைய. பதியாமல் விட்டால் விசாரணை வருவது அவர் வீட்டுக்கு. நீங்கள் அதற்குள் சாங்கி விமான நிலையம் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

ஒரு வாலிபன் எழுந்து இரண்டு நிமிடம் சாட்சி, அதாவது தன் விசுவாச அனுபவம், சொன்னால் அது பிரசங்கமா? இங்கேதான் நிச்சயம் முடிந்து சந்தேகம் ஆரம்பிக்கிறது. பல குழுக்கள் சொல்லியிருக்கின்றன, ஒன்றும் ஆனதில்லை. ஆனாலும் நான் அதிகாரியாக இருந்து ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தால், பிரசங்கம் என்றே குறிப்பேன். தமிழ்நாட்டில் இப்போது மதமாற்றத் தடைச் சட்டம் கிடையாது. 2002இல் கொண்டுவந்தார்கள், 2004 தேர்தல் முடிந்த கையோடு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதை வைத்துக்கொண்டு "தமிழ்நாட்டில் பயமில்லை" என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். விசா விதி டெல்லியுடையது, மாநிலச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பொருந்தும்.

அடுத்தது பணம். கூட்டம் முடிந்ததும் கவரில் ஐயாயிரம், பத்தாயிரம் வைத்து பாஸ்டர் கையில் கொடுப்பது நம் வழக்கம். கொடுக்காமல் வர மனசு கேட்காது, எனக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஊழியத்துக்குத் தருவது இந்திய ரூபாயாகவே இருந்தாலும் வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்க, அந்தச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். அந்த அமைப்பும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கு வழியாகத்தான் வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஒரு பெரிய அமைப்பு வாங்கி அதைச் சிறிய சபைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும் கூடாது. வீட்டுச் சபை நடத்தும் பாஸ்டருக்கு இந்தப் பதிவு இருக்க வழியே இல்லை. உங்கள் குழுவில் இந்திய பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்தால் அது இந்தக் கணக்கில் வராது. அப்படி யார் யார் என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு வருகிறேன், என் தொழில் அது. உங்கள் பட்டியலில் உள்ள ஐந்தில் அரசுப் பள்ளி இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவே சொல்கிறது. 2024 செப்டம்பரில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் வந்து மறுபிறவி, பாவம், கர்மா என்று மாணவிகளிடம் பேசினார். அது பெரிய பிரச்சினையாகி, பேசியவர் கைதானார், தலைமையாசிரியை இடமாற்றம் ஆனார். எந்த மதமானாலும் இதே கதைதான். அழைத்த தலைமையாசிரியர் நல்ல மனதோடுதான் அழைத்திருப்பார், ஆனால் அவருக்கு ஓய்வூதியம் வரை போகவேண்டிய பாதை இருக்கிறது. சபை நடத்தும் உதவி பெறும் பள்ளியில் கொஞ்சம் இடம் உண்டு. அங்கேயும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத வகுப்பிலோ ஜெபத்திலோ கட்டாயப்படுத்தி உட்கார வைக்கக் கூடாது. எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் இந்து வீட்டுப் பிள்ளைகள். குழு வந்தால் நான் இங்கிலீஷ் பாட்டு, விளையாட்டு, படம் வரைதல் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். சிலருக்கு முகம் வாடும்.

தேதியும் சரியில்லை. உங்களுக்குப் பள்ளி விடுமுறை நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வருவதால் அந்தத் தேதியைப் பிடித்திருக்கிறீர்கள். இங்கே டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. முதல் வாரத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் விட்ட பாடத்தை ஓட்டிக்கொண்டிருப்பார். பாஸ்டர்களுக்கோ வருடத்திலேயே ஓய்வில்லாத மாதம், ராத்திரி பன்னிரண்டு வரை வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். வடகிழக்குப் பருவமழை வேறு. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் தண்ணீரில் நின்றன. ஜூன் விடுமுறையில் வர முடியுமா பாருங்கள். இங்கே பள்ளி திறந்த புதிது, பாடம் இன்னும் சூடு பிடித்திருக்காது, குற்றாலத்துச் சாரல் காற்று வீசத் தொடங்கியிருக்கும், பிள்ளைகளுக்கும் உற்சாகம்.

பரிசுப் பொருள் பற்றிக் கேட்டீர்கள். ஒரு குழு விளக்கு எரியும் பேனா அறுபது கொண்டுவந்தது. போனில் கேட்டபோது எங்கள் பள்ளியில் அறுபது பிள்ளைகள் என்று சொன்னவன் நான்தான். ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் விட்டுவிட்டேன். எண்பத்து மூன்று பேர். பேனா தீர்ந்த இடத்தில் வரிசையில் நின்ற சிறுசுகள் அழவில்லை, கையை நீட்டியபடியே நின்றார்கள். மறுநாள் பள்ளியில் ஏழு பேனா திருட்டுப் புகார். இருபத்து மூன்று பேனா என் காசில் வாங்கினேன், சாதாரணப் பேனா. அதை யாரும் பேனாவாகவே மதிக்கவில்லை. ஆகவே ஆளுக்கு ஒன்று என்று எதையும் கொண்டுவராதீர்கள். பள்ளிக்கு ஒன்று என்று கொண்டுவாருங்கள்: சுவரில் மாட்டும் உலக வரைபடம், ஸ்கிப்பிங் கயிறு, கேரம் போர்டு.

வீட்டுச் சபை என்றதும் சீனாவில் ஒளிந்து கூடுகிற சபை மாதிரி உங்கள் பிள்ளைகள் கற்பனை செய்துகொண்டு வருவார்கள். இங்கே ஒளிவு மறைவு எதுவும் இல்லை. பெரும்பாலும் எந்தப் பெரிய சபையோடும் சேராத தனி ஊழியம். பாஸ்டரின் சொந்த வீட்டு முன்னறை அல்லது மாடியில் தகரம் போட்ட கொட்டகை, பாய், ஒரு டோலக், ஒரு மைக். பாஸ்டருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, காணிக்கைதான். பகலில் பெயிண்ட் வேலைக்கோ ஆட்டோ ஓட்டவோ போவார். இருபது, முப்பது பேர் வருவார்கள், பெண்களே அதிகம். நம் பக்கத்தில் அந்தப் பெண்கள் பீடி சுற்றி, தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு வர ஏழரை ஆகிவிடும். நீங்கள் ஒரே மாலையில் இரண்டு சபை என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். ஆறு மணிக் கூட்டத்துக்கு வர வேண்டுமானால் அன்றைய பீடியில் இருநூறோ முந்நூறோ குறையும். அது கூலி.

சில வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. வருமுன் அவர்களுடைய லீடர் பாஸ்டரிடம் போனில் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாக, "டாய்லெட் இந்தியனா, வெஸ்டர்னா?" என்று கேட்டார். சும்மா தகவலுக்குத்தான். பாஸ்டர் அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, மறுநாளே மூன்று வட்டிக்கு இருபத்திரண்டாயிரம் கடன் வாங்கி, இருந்த பேசினை உடைத்து வெஸ்டர்ன் க்ளோசெட் போட்டுவிட்டார். ஓடு மாற்றி, பிளாஸ்டிக் கதவு வைத்து, வாளி மக் புதிதாக வாங்கி வைத்தார். அன்றைக்கு நானும் போயிருந்தேன். ஆறு நாற்பதுக்கு வேன் வந்தது. பாஸ்டரம்மா கேசரி கிண்டியிருந்தார், பக்கத்துக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வைத்திருந்தார்கள். நாற்காலிகள் எதிர்வீட்டு இந்துக் குடும்பத்தில் இரவல் வாங்கியவை. பாட்டு, குறுநாடகம், போட்டோ. எட்டு இருபத்தைந்துக்கு வேன் கிளம்பிவிட்டது, அடுத்த கூட்டம் இருந்தது. ஒருவரும் கழிவறைப் பக்கம் போகவில்லை. இதெல்லாம் எனக்கு ஏழு மாதம் கழித்து ஹார்டுவேர் கடையில், பாக்கி வரவில்லை என்று கடைக்காரர் புலம்பியபோதுதான் தெரிந்தது. நேரே போய்ப் பாஸ்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "வர்றவங்க முகம் சுளிச்சிரக் கூடாதுல்லா சார்" என்றார். அந்தக் குழுவின் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்குத் தெரியாது. போய்ச் சொல்லவும் கூடாது, சொன்னால் பாஸ்டருக்கு மானக்கேடு. அன்றிலிருந்து எந்தக் குழு வந்தாலும், வேன் கிளம்பிய மறுநாள் அந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அப்படிப் போனதில் தெரிந்துகொண்ட இன்னொன்று போட்டோ. இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. வீட்டுச் சபைக்கு வருகிறவர்களில் பலர் முதல் தலைமுறை, தலித் குடும்பங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து உண்டு. கிறிஸ்தவரானால் அது போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற வேண்டும். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று கோருவது ஏற்புடையதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தினமும் சபைக்கு வருகிற எல்லாருமே மதம் மாறியவர்களா என்றால், இல்லை. ஜெபத்துக்கு வருவார்கள், பொங்கலும் வைப்பார்கள், ஊர்க் கோயில் கொடைக்கு வரியும் கொடுப்பார்கள். எல்லாம் சேர்ந்த வாழ்க்கை அது. அதில் ஒரு பெண்ணின் முகத்தைப் படம் எடுத்து, "கர்த்தர் இந்தக் கிராமத்தில் ஆத்துமாக்களைத் தந்தார்" என்று முகநூலில் போட்டால், அவள் மகனின் கல்லூரி இடத்துக்கோ உதவித்தொகைக்கோ அது சாட்சியமாகப் போய் நிற்கலாம். இந்தச் சட்டம் நியாயமா என்பதில் எனக்குத் தனிக் கருத்து உண்டு. தேவாலயத்துக்குள்ளேயே சாதி பார்க்கும் ஊரில், மதம் மாறினால் சாதி போய்விட்டது என்று சட்டம் நினைப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அதற்காக உங்கள் போட்டோவில் அந்தப் பெண் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகள் இல்லங்களுக்குப் போனால், அது இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். அங்குள்ள பிள்ளைகளின் அடையாளம் தெரியப் படம் வெளியிடுவது அதே சட்டத்தில் குற்றம்.

மருத்துவ முகாம் நடத்தும் யோசனை இருந்தால் விடுங்கள். வெளிநாட்டு டாக்டர் இங்கே ஊசி போட முன்கூட்டி அனுமதி வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையம் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

சரி, பிரயோஜனம் உண்டா? இதில் எனக்கு உறுதியான பதில் இல்லை. 1998இல் மிட்ச் புயல் அடித்த ஹோண்டுராஸில், வெளியிலிருந்து வந்த குறுகிய கால மிஷன் குழுக்கள் கட்டிக்கொடுத்த வீடுகளையும் உள்ளூர் அமைப்பு கட்டிய வீடுகளையும் கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். வாங்கிய குடும்பங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வந்துபோனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் விசாரித்ததில், வாழ்க்கையே மாறிவிட்டது என்று சொன்னவர்களின் கொடுப்பதிலும் ஜெபிப்பதிலும் நீடித்த மாற்றம் கொஞ்சம்தான். அது வீடு கட்டும் பயணம். உங்களுடையது வேறு மாதிரி, அப்படியே பொருத்த முடியாது. என் கண்ணால் கண்டதில், வந்துபோன பிள்ளைகளில் ஓரிருவர் நிஜமாகவே மாறியிருக்கிறார்கள். ஒருவர் இன்னும் வருடா வருடம் தனியாக வருகிறார், யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் வந்து இறங்குவார். விமான டிக்கெட் காசை இங்கே அனுப்பினால் போதாதா என்று என் மனைவி கேட்பாள். மேலே சொன்ன சட்டத்தால் அனுப்பவும் எளிதாக முடியாது என்பது ஒரு பக்கம். பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை.

இது புதிய விவகாரமும் இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர், 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அங்கே பலருக்கு அது ரசிக்கவில்லை. இங்கே டோனாவூரில் ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் ஐம்பத்தைந்து வருடம் இந்தியாவில் இருந்தே மறைந்தார். ஒன்பது நாளை அதோடு ஒப்பிட்டுக் கேலி செய்யவில்லை. எங்கள் கிழவிகள் "எப்ப மறுபடி வருவீங்க?" என்று கேட்கும்போது அவர்கள் மனதில் இருக்கும் அளவுகோல் எதுவென்று தெரிந்துகொள்ளத்தான் சொன்னேன். அந்தக் கேள்விக்கு "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். "படிக்க வைக்கிறேன், போன் பண்றேன்" என்று ஒரு குழுவில் வந்த பெண் சொன்னதை நம்பி, நர்சிங் சேரக் காத்திருந்து அந்த வருடச் சேர்க்கையையே தவறவிட்ட பெண்ணை எனக்குத் தெரியும்.

நான் பார்த்ததில் உருப்படியான குழு ஆறே பேர். அதில் மூவர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஐந்து நாளும் ஒரே பள்ளி. பிள்ளைகளிடம் போகவே இல்லை; மாலை நாலரைக்கு மேல் எங்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, சின்ன வகுப்புக்கு ஆங்கில உச்சரிப்பை எப்படிச் சொல்லித்தருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் எங்களிடம் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டார்கள், ழகரத்தில் சிரிப்பு தாங்கவில்லை. ஞாயிறன்று ஒரே ஒரு வீட்டுச் சபைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து, கூட்டம் முடிந்து கொடுத்த சுக்குக் காபியைக் குடித்துவிட்டு, பீடி எப்படிச் சுற்றுவது என்று பெண்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடை ஏறவில்லை. அந்தப் பாஸ்டரம்மா இன்றும் அவர்களைப் பெயர் சொல்லி விசாரிப்பார்.

ஆகவே பதினோரு சபையை இரண்டாகக் குறையுங்கள், ஐந்து பள்ளியை ஒன்றாக. பதினான்கு பேரில் தமிழ் பேசுகிற ஏழு பேர் வரட்டும், மற்றவர்கள் ஒரு வருடம் தமிழ் படித்துவிட்டு வரட்டும். பாஸ்டரிடம் "நாங்கள் வருவது சிரமமா?" என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்காது, "வாங்க வாங்க" என்றுதான் சொல்வார். தென்காசியில் ஒரு சாதாரண லாட்ஜில் தங்கி, சாப்பாட்டை உங்கள் செலவில் மெஸ்ஸில் முடித்துக்கொண்டு, அவர் வீட்டுக்கு ராத்திரிக் கூட்டத்துக்கு மட்டும் போங்கள். வருமுன் போனில் எதை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம், கழிவறை எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் கட்டிவிடுவார்.